யார் வீட்டுக் களிம்பு?

கையைப் பார்ப்பதற்கு முன் மோந்து பார்ப்பார் டாக்டர் போஹுமிலா. பன்றிக்கொழுப்பும் பச்சிலையும் கலந்த வாடை வந்தால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்பார்: "யார் வீட்டுக் கஞ்சாக் களிம்பு?"

செக் நாட்டு மொராவியாவில், திராட்சை விளையும் எங்கள் ஊரில் அதைக் கிண்டாத வீடு குறைவு. முதுகுவலிக்கும் அதுதான், கரப்பான் புண்ணுக்கும் அதுதான். தோல் டாக்டரிடம் மட்டும் வாய் திறக்க மாட்டோம். என் முழங்கையை மோந்த அன்று அவர் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டது. "அடுப்புல கிண்டினதுல மருந்து எவ்வளவு, அழுக்கு எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்?" இன்றும் அதையேதான் சொல்கிறார். சத்தம்தான் இல்லை.

பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் யாரோமிர் அவரிடம் போய்வந்த பிறகு ஏற்பட்ட மாற்றம் அது. அவருக்கு இரண்டு உள்ளங்கையும் வெடித்து ரத்தம் கசிந்தது. அறுவடைக்கு ஆறே வாரம். கத்தரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை. டாக்டர் தந்த மருந்து நான்கு மாதமாகப் பிரிக்காமலே கிடப்பதைத் தரையைப் பார்த்தபடி ஒப்புக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க டாக்டரம்மா. மாமியார் கிண்டினது. பூசினா அரிப்பு அடங்கித் தூக்கம் வருது."

போஹுமிலாவை உறுத்தியது களிம்பு அல்ல, அந்த நான்கு மாத ஒளிவுமறைவு. அவருடைய இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார். "சரி. வலது கைக்கு என்னோடது, இடதுக்கு மாமியாரோடது. மாத்திப் பூசினா தோலை உரிச்சிடுவேன்."

வாரந்தோறும் இரு கைகளையும் படம் எடுத்தார். அடுத்த அறை டாக்டர் ராதிம் எட்டிப் பார்த்துச் சிரித்தார்: "என்னக்கா, பன்னிக்கொழுப்பு வைத்தியத்துல இறங்கிட்டீங்களா?"

"கொழுப்பு உனக்குத்தான் தம்பி. உன் நோயாளி உங்கிட்ட உண்மை பேசி எத்தனை நாளாச்சு?"

ஆறாம் வாரம் வலது கை ஆறிவிட்டது. இடதில் அரிப்பு இல்லை, வெடிப்பு அப்படியே இருந்தது. அன்றே அதற்கும் தன் மருந்தைப் பூசவைத்தார். யாரோமிர் வலக்கையால் குலைகளை வெட்டி, உறை போட்ட இடக்கையில் வாங்கிக்கொண்டார். மாமியாரிடம், "ரெண்டு பேருமே ஜெயிச்சுட்டீங்க" என்றாராம்.

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. "அரிப்புக்கு ஏதோ பண்ணுது போல. புண்ணை ஆத்தல. ஒரே ஒரு ஆளை வச்சு ஊருக்கு என்னத்தைச் சொல்றது?" என்றார். முகம் என்னவோ மலர்ந்துதான் இருந்தது.

போன வாரம் என் முறைக்காகக் காத்திருந்தபோது, பாதி திறந்த கதவு வழியே பார்த்தேன். ரொட்டிக்கடைப் பெண் ஒருத்தி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் எதுவும் கேட்கவில்லை. மேசையில் இருந்த காகிதக் கட்டுகளை ஒதுக்கி, அவள் முன்னால் ஒரு களிம்புப் புட்டி வைக்கும் அளவுக்கு இடம் விட்டார்.