செருப்புத் தேய்ந்த ஸ்னோ மெசின்

கராஜ் கதவில் ஒட்டியிருந்த தாளை என் மருமகன் ஒரு தரம் வாசித்தார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். நான் பின்னால் நின்று அவருடைய காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளிருக்குச் சிவக்கிற காது வேறு, அவமானத்துக்குச் சிவக்கிற காது வேறு. இது இரண்டாவது.

“என்ன தம்பி எழுதிக் கிடக்கு?”

“ஒண்டுமில்லை மாமி.”

“ஒண்டுமில்லாததை ஆரும் நாலு மூலைக்கும் டேப் போட்டு ஒட்டுவினமோ?”

அவர் பெருமூச்சு விட்டார். “பக்கத்து வீட்டுக்காரர்தான். இனி நாங்கள் ஸ்னோ மெசினைத் தொடக்கூடாதாம். இந்த விண்டருக்குள்ள மூண்டு போல்ட்டை உடைச்சுப் போட்டமாம். அடிச் செருப்பையும் தேய்ச்சுப் போட்டமாம். அது விளையாட்டுச் சாமான் இல்லையாம். மெசின்ர திறப்பைத் தான் எடுத்துக்கொண்டு போறாராம்.”

எனக்கு உச்சியில் ஏறியது. ஐம்பத்தைந்து வயதில் என்னைப் பார்த்து விளையாடாதே என்று எழுதி ஒட்டுகிறார் ஒரு மனிதர்!

அது எண்பதுகளின் நடுப்பகுதி. டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் ஒரே கூரையின் கீழ் இரண்டாகப் பிரித்த வீடு ஒன்றில் இருந்தோம். ஒரு பாதியில் நான், மகள், மருமகன். மறுபாதியில் எழுபது வயது டெனிஷ்காரர், தனியாள். வீட்டின் இரண்டு பக்கமும் தெருவுக்குப் போக ஆளுக்கொரு பாதை. பின்னால் பொதுவாக ஒரு கராஜ். அந்த கராஜுக்குள் வீட்டுச் சொந்தக்காரர் இரண்டு வீட்டுக்குமாக விட்டுவைத்திருந்த பனி தள்ளும் மெசின்.

அந்த மெசின் இல்லாவிட்டால் என் மருமகனின் கார் தெருவுக்கு வராது. கார் வராவிட்டால் காலை ஆறு மணி வேலைக்கு அவர் போய்ச் சேர மாட்டார். பஸ் என்று ஒன்று இருந்தது. அது வருகிற நேரத்துக்குத் தொழிற்சாலையில் முதல் இடைவேளையே முடிந்துவிடும். வேலை கிடைத்து இரண்டு மாதம்தான். இரண்டு தரம் பிந்திப் போய்விட்டார். இன்னொரு தரம் பிந்தினால் வீட்டிலேயே இருக்கலாம் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். இவ்வளவும் அந்த ஒரு திறப்பில், ஒரு சின்னச் சாவியில், தொங்கியது.

“நான் போய்க் கேக்கிறன்,” என்றேன்.

“விடுங்கோ மாமி. நாங்கள் வந்திருக்கிற சனம். நான் சவளால பனியை அள்ளி வழிக்கிறன்.”

“உந்த நாரியோடையோ? குனிஞ்சால் நிமித்திறதுக்கு ரெண்டு பேர் வேணும்.”

வந்திருக்கிற சனம் என்ற அந்தச் சொல்தான் என்னை அதிகம் சுட்டது. வந்திருக்கிற சனமென்றால் செய்யாத பிழையையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டுமா?

எனக்கு எழுத்து மூன்றாம் வகுப்போடு முடிந்தது. ஆனால் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற பம்பைப் பதினைந்து வருடம் தனியே வைத்து ஓட்டியவள் நான். பிளக்கைக் கழற்றித் துடைப்பேன், பெல்ட்டு மாற்றுவேன், சத்தத்தைக் கேட்டே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்வேன். இந்த ஸ்னோ மெசின் அதற்குத் தங்கச்சி. முன்வாய்க்குள் இறைச்சி அரைக்கிற மெசினில் இருப்பதுபோல் ஓர் இரும்புத் திருகு. அது சுழன்று பனியை உள்ளே இழுக்கும், மேலே உள்ள குழாய் அதைத் தூர எறியும். வாயின் இரண்டு ஓரத்திலும் நிலத்தில் உரசிப் போவதற்கு இரண்டு இரும்புத் துண்டுகள். செருப்பு என்று நான்தான் பெயர் வைத்தேன். திருகைப் பிடித்திருக்கிற போல்ட்டு வேண்டுமென்றே மெதுவான, லேசில் உடைகிற இரும்பில் செய்தது. ஏதாவது இறுகினால் அது உடைந்து மற்றதைக் காப்பாற்றும். வீட்டுக் கரண்டுக்கு பியூஸ் மாதிரி.

முதல் இரண்டு போல்ட்டும் எங்கள் கையில் உடைந்தது உண்மை. ஆனால் இரண்டு தரமும் திருகுக்குள் கை விட்டுப் பார்த்தபோது வந்தது நெல்லிக்காய் அளவு சல்லிக்கல். எங்கள் பாதை கொங்கிறீட். கல்லுக்கு அங்கே என்ன வேலை? அந்த இலையுதிர் காலத்தில் லொறியில் வந்து புதுச் சல்லி கொட்டியது அவருடைய பாதையில். அவர் பக்கத்தில் விழுங்கிய கல்லை மெசின் எங்கள் பக்கத்தில் கொண்டுவந்து கடித்தது.

மூன்றாவது போல்ட்டைப் பற்றி இங்கே மட்டும் சொல்கிறேன். எங்களுடைய ஆட்களுக்கு ஒரு பழக்கம், வேலை முடிந்தால் மண்வெட்டியைக் கழுவித்தான் சாத்துவோம். ஊத்தையோடு வைத்தால் கை கூசும். ஒரு மத்தியானம் வேலை முடிந்ததும் மெசினைச் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டு, திருகின் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி, நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டும் வைத்து உள்ளே விட்டேன். மறுநாள் காலை அது வாயெல்லாம் ஐஸ் கட்டிக் கிடந்தது. மருமகன் அவசரத்தில் பார்க்காமல் திருகை ஓட விட்டார். டக் என்று ஒரு சத்தம். அவர் ஸ்பனர் எடுக்கப் போன நேரத்தில் நான் கேத்தில் தண்ணீரால் ஐஸை இளக்கி, துணியால் துடைத்து, “உந்தக் கல்லுத்தான் தம்பி,” என்று சொல்லிவிட்டேன். கிழவர் பக்கத்தில் இரண்டு குற்றம் ஏற்கெனவே இருந்தது. மூன்றாவதைத் தாங்க மாட்டாரா?

தாள் ஒட்டிய மறுநாள் காலை பத்து மணிக்கு, மருமகன் வேலையில் இருக்க, மகளையும் ஒரு தட்டுக் கடலை வடையையும் கூட்டிக்கொண்டு கிழவரின் கதவைத் தட்டினேன். அன்றைக்குப் பனி இல்லாதபடியால் மருமகன் தப்பித்துப் போயிருந்தார். வானத்தைப் பார்த்தால் அடுத்த பனி தூரத்தில் இல்லை.

“கேள் பிள்ளை, இவருக்குக் கண் தெரியுமோ தெரியாதோ எண்டு.”

மகள் மெல்லிய குரலில் டெனிஷில் என்னவோ சொன்னாள். கிழவர் தலையாட்டிவிட்டுக் குசினிக்குள் போனார்.

“என்னடி கேட்டனி?”

“கோப்பி குடிக்க நேரமிருக்கோ எண்டு கேட்டனான்.”

“நான் சொன்னதைச் சொல்லன்.”

“நாங்கள் இஞ்ச இருக்கவேணும் அம்மா. உங்கட வாய்க்கு நான் பொறுப்பில்லை.”

கிழவர் கோப்பியோடு வந்தார். முதலாவது வடையைச் சந்தேகமாகக் கடித்தார். மூன்றாவதை எடுக்கும்போது நான் என் வழக்கைத் தொடங்கினேன். கையால் காட்டினேன், அவருடைய ஜன்னலுக்கு வெளியே கிடந்த சல்லியைக் காட்டினேன், என் சட்டைப்பைக்குள் வைத்திருந்த இரண்டு கல்லையும் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் கல்லைப் பார்த்தார். பிறகு மகளிடம் நீளமாகப் பேசினார்.

“பத்து வருஷமாத் தான் பாவிக்கிறாராம். நாங்கள் வரும்வரைக்கும் ஒரு பிழையும் வரேல்லையாம்.”

“சல்லி வரும்வரைக்கும் எண்டு சொல்லு!”

“அம்மா, கத்தாதைங்கோ.”

“இது கத்திறது இல்லை. கத்தினால் தெருவே வரும்.”

அடுத்த நாள் பனி கொட்டும் என்று வானொலி சொல்லியிருந்தது. நான் கடைசியாக ஒன்றைக் கேட்டேன். இதை மட்டும் மகள் ஒழுங்காகச் சொன்னாள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கிழவர் முதல் தடவையாகச் சிரித்தார். செருப்பின் அடிக்கு நான் சிவப்பு நகப்பூச்சுப் பூசுவேன். அவர் முதலில் தன் பக்கத்தை வழிக்கட்டும். பிரட்டிப் பார்ப்போம். திரும்பப் பூசி நான் எங்கள் பக்கத்தை வழிக்கிறேன். அதையும் பிரட்டிப் பார்ப்போம்.

மகள் தன் கலியாணத்தில் மிச்சமான நகப்பூச்சைப் பல்லைக் கடித்துக்கொண்டு தந்தாள். குளிரில் அது காயவில்லை. தலைமயிர் காயவைக்கிற மெசினை நீள வயரில் கராஜுக்குக் கொண்டுபோய்க் காயவைத்தேன். தெருவில் போன ஒரு பெண் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் அதிகாலையில் மருமகன் சவளால் பாதையை வழித்து, இடுப்பைப் பிடித்தபடி, ஆறு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில் போய்ச் சேர்ந்தாராம். விடிந்த பிறகு கிழவர் தன் பக்கத்தை வழித்தார். மெசின் ஊளையிட்டது. வேலிப் பலகையில் கல் பட்டுத் தெறித்தது. பிரட்டினோம். ஒரு செருப்பில் பொட்டுச் சிவப்பும் இல்லை. மற்றதில் ஓரத்தில் ஒரு கோடு.

பிறகு என்னுடைய முறை. நகப்பூச்சு திரும்பப் பூசி, காயவைத்து, மருமகன் விட்டுவைத்த மீதிப் பனியைத் தள்ளினேன். கொங்கிறீட்டில் அது பூனை மாதிரிப் போனது. பிரட்டினோம். நுனியில் கொஞ்சம் உரிந்திருந்தது, அவ்வளவுதான். கிழவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

நான் மகளைப் பார்த்து, “இப்ப கேள், ஆரின்ர செருப்பு ஆரை அடிச்சது எண்டு,” என்றேன்.

அவள் கேட்கவில்லை. ஏனென்றால் கிழவர் அதற்குள் குனிந்து திருகுக்குள் விரலை விட்டு ஒரு போல்ட்டைத் தொட்டுக் காட்டினார். முகம் மறுபடியும் இறுகியது. பார்த்தேன். பளபளவென்று கறுத்த, தலையில் எண் குத்திய கடும் இரும்பு போல்ட்டு. மெதுவான போல்ட்டு மூன்று தரம் உடைந்த கோபத்தில், தொழிற்சாலையிலிருந்து உடையாத ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார் என் மருமகன். உடையாத பியூஸ்! அடுத்த கல்லுக்கு போல்ட்டு தப்பும், உள்ளே பல்லுச் சக்கரம் நொறுங்கும். பிறகு இரண்டு வீட்டுக்கும் மெசினே இல்லை.

என் வழக்கு அந்த இடத்தில் பாதி படுத்துவிட்டது. ஸ்பனரை வாங்கி நானே கழற்றினேன்.

“சொல்லு பிள்ளை. இது எங்கட பிழை எண்டு.”

மகள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். “மெய்யாவோ?”

“ஓம். வடிவாச் சொல்லு. எங்கட வீட்டில ஒரு பெரிய இஞ்சினியர் இருக்கிறார் எண்டும் சொல்லு.”

அவள் என்ன சொன்னாளோ தெரியாது. கிழவர் அந்தக் கறுத்த போல்ட்டைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒரு தகர டப்பாவிலிருந்து மெதுவான போல்ட்டு ஒன்றை எடுத்துத் தந்தார்.

அதற்குப் பிறகு வழக்கு வேலையாக மாறியது. செருப்பைப் பிடித்திருக்கிற நட்டுகளைத் தளர்த்தி, சல்லிப் பக்கத்துக்கு வாய் இரண்டு விரல் உயர்ந்து நிற்க ஓர் அடையாளம், கொங்கிறீட்டுக்குத் தாழ்ந்து நிற்க இன்னொரு அடையாளம் என்று நகப்பூச்சால் கோடு போட்டேன். இரும்பு கல்லில் உரசித் தேயாமல் இருக்க, அதன் அடியில் பிளாஸ்ரிக் கட்டலாம் என்று எனக்கு ஒரு யோசனை. வீட்டுக்குள் ஓடிப்போய் மரக்கறி வெட்டுகிற தடித்த வெள்ளைப் பிளாஸ்ரிக் பலகையை எடுத்து வந்தேன்.

“அம்மா! அது என்ர பலகை!”

“உன்ர மனிசன்ர வேலையைவிடப் பெரிசோ?”

கிழவர் அதை இரண்டாக அறுத்து, முன்நுனியை வளைவாகச் சீவி, துளை போட்டு, போல்ட்டின் தலை உள்ளே அமுங்கி நிற்கிற மாதிரிப் பூட்டினார். பொறுத்துப் பொறுத்துச் செய்தார். அவருக்கும் இப்படிப்பட்ட வேலை பிடிக்கும் என்று அப்போது தெரிந்தது. திருகின் தண்டுக்குக் கிறீஸ் அடித்தோம். பனி ஒட்டாமல் இருக்க எறிகிற குழாயின் உட்புறத்தில் மெழுகுதிரி தேய்த்தோம். மெழுகுதிரிக்கு அவர் வீட்டில் என்ன பஞ்சம், பகலிலும் கொளுத்தி வைத்திருக்கிற சனம்.

அந்தப் பனிக்காலம் முடியும்வரை ஒரு போல்ட்டும் உடையவில்லை. பலகைச் செருப்பில் கீறல் விழுந்தது, இரும்பு அப்படியே இருந்தது. என் மருமகனும் மூன்றாம் தரம் பிந்தவில்லை.

ஆனால் எனக்கு வேண்டியது திறப்பு. அது செருப்புப் பூட்டிய மறுநாளே கிடைத்தது. மருமகன் வேலையால் வந்தபோது கராஜ் கதவில் புதுத் தாள். பக்கத்தில் ஆணி அடித்து அதில் திறப்பு தொங்கியது. மருமகன் வாசித்தார்.

“திறப்பு இனி ரெண்டு வீட்டுக்கும் பொதுவாம். சல்லிக்கு மேல் கோடு, கொங்கிறீட்டுக்குக் கீழ்க் கோடாம். மெதுவான போல்ட்டு மட்டும்தானாம்.” கடைசிச் சொல்லில் குரல் இறங்கியது.

“அதுக்குக் கீழையும் என்னவோ கிடக்கே?”

அவர் அதை ஒரு தரம் வாசித்தார். பிறகு மறுபடியும் வாசித்தார். தோள் குலுங்கியது.

“வேலை முடிஞ்ச பிறகு மெசினைக் கழுவ வேண்டாமாம் மாமி. போன தரம் கராஜ் நிலமெல்லாம் சவர்க்கார நுரை உறைஞ்சு கிடந்ததாம். சந்தனப் பொட்டு மட்டும் இருக்கலாமாம்.”

எல்லாம் தெரிந்துகொண்டு, என்னுடைய மூன்று வடையையும் தின்றுகொண்டு, வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார் அந்த மனிதர்! இதைவிட அநியாயம் உண்டா?

மருமகன் தாளை விட்டுவிட்டு என் காதைப் பார்த்தார்.

“குளிர் தம்பி,” என்றேன். “வேறையொண்டுமில்லை.”