அவர் நிறுத்திய இடத்தில்

ஆண்டவர் ஜெபத்தைக் கேட்கிறவர் என்று சபைமுன் சாட்சி சொல்லத்தான் நானும் வந்திருக்கிறேன். ஆனால் நான் கேட்டது ஒன்று, அவர் செய்தது வேறொன்று. என் துக்கம் இன்னும் முழுதாக ஆறவில்லை. இருந்தாலும் அவருக்கு நன்றி சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

குன்னூருக்குக் கீழே எஸ்டேட் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு டீ ஃபேக்டரியில் வேலை. நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணமாகி வெகு காலம் காத்திருந்து உண்டான பெண் குழந்தை, போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில், எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துவிட்டது. நான் மயக்கத்தில் கிடந்தேன். கண் விழித்தபோது, அடக்கம் முடிந்துவிட்டது என்றார்கள். யார் கொண்டுபோனார்கள் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்காரரும் சொல்லவில்லை.

அதன்பிறகு அவருக்குப் பேச்சே நின்றுபோனது. ஷிஃப்டுக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். உப்புப் போதுமா என்று கேட்டால் தலையாட்டுவார். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு எனக்குள் ஒரு எண்ணம் புகுந்துகொண்டது. குழந்தை போனதற்கு என்னைத்தான் குற்றம் பிடிக்கிறார். எட்டாம் மாதத்திலும் மேடேறிப் பள்ளிக்கூடம் போனவள் நான்தானே. அந்த எண்ணம் வந்தபின் தூக்கம் போயிற்று, சோறும் இறங்கவில்லை.

சாயங்காலக் குடும்ப ஜெபத்தை மட்டும் இருவரும் விடவில்லை. அவர் முதலில், பிறகு நான். ஒருவர் முடித்ததும் மற்றவர் ஆமென் சொல்வது எங்கள் வழக்கம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்த ஜெபத்தையே நான் சண்டைக்கு எடுத்துக்கொண்டேன். முழங்காலில் நின்று கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இந்த ஊட்டுல கல்லாட்டம் இருக்கறவங்க வாயத் தெறந்து குடுங்கப்பா" என்பேன். அவருக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொல்வேன். அதற்கு எப்படி ஆமென் சொல்வார்? அவர் சொல்லாததால் நானும் அவர் ஜெபத்துக்குச் சொல்வதை நிறுத்திவிட்டேன். அவர் ஜெபமும் ரொம்பச் சின்னது. பைபிள் தமிழில் நாலு வரி சொல்லி நின்றுவிடுவார். நின்றதும் நான் பிடித்துக்கொள்வேன். டீச்சர் வாய், சும்மா இருக்குமா?

நெல்லியாளத்தில் இருக்கும் அம்மா போனில், "அங்க கெடந்து ஏன் வேகற? இங்க வந்துரு கண்ணு" என்றார். காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் வருவதாகச் சொன்னேன். போனால் திரும்பமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஜூலை முழுக்க மழை. வகுப்பில் தகரக் கூரைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு நாள் காலையில் எழுந்தால் குரலே வரவில்லை. ஒரு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்றார் டாக்டர். வீட்டுக்காரர் வாயைத் திறக்கச் சொல்லிக் கேட்டால் ஆண்டவர் என் வாயை அடைக்கிறாரே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

அன்று சாயங்காலமும் ஜெபத்துக்கு முழங்காலிட்டோம். "அன்பின் பரலோக பிதாவே, இந்த நாளுக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்று தொடங்கியவர், வழக்கம்போல நாலு வரியில் நின்றார். இனி என் முறை. எனக்கோ குரல் இல்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. முட்டி வலித்தது. எழுந்துவிடலாமா என்று நினைத்தேன், ஏனோ எழவில்லை. வெகு நேரம் கழித்து அவர் குரல் வந்தது. அது பைபிள் தமிழ் இல்லை, வீட்டில் பேசுகிற பேச்சு.

"பாப்பாவ நான்தானுங்க கல்லறைக்குத் தூக்கிட்டுப் போனேன். துணியில சுத்திக் குடுத்தாங்க. மூக்கு அவளாட்டவே இருந்துச்சுங்க. அந்தக் கனம் இன்னும் கையிலயே நிக்குதுங்க ஆண்டவரே. அவ பாக்கவே இல்ல, நான் மட்டும் பாத்தேன். அத அவகிட்ட எப்படிச் சொல்றதுங்க."

மறுபடியும் நின்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை மாதமும் அவர் ஜெபத்தை முடித்துவிட்டு நிற்கவில்லை. இதைச் சொல்ல முடியாமல் நின்றிருக்கிறார். தினமும் சரியாக அந்த இடத்தில் நான் பேச ஆரம்பித்திருக்கிறேன்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் கைகள் இரண்டும் இன்னும் ஏந்தினபடியே இருந்தன. என் கைகளை அவற்றின்மேல் வைத்து, ஆமென் சொன்னேன். சத்தம் வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது. அதை அவர் பார்த்துவிட்டார். இருவரும் அழுதோம்.

பரீட்சை லீவில் அம்மா வீட்டுக்கு இரண்டு பேருமாகப் போனோம், இரண்டு பேருமாகத் திரும்பினோம். குழந்தை இன்னும் இல்லை. சில நாட்கள் எனக்கு அழுகை தாங்கமுடியாமல் வரும். அவரும் ஒன்றும் வாயாடியாக மாறிவிடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கல்லறைக்குப் போகும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறார். பாப்பாவுக்கு நிறைய முடி இருந்ததாம்.

என்னைப்போல ஜெபிக்கிற சகோதரிகள் இங்கே இருந்தால், ஆண்டவரை நம்பி, உங்கள் வீட்டுக்காரர் நிறுத்தின பிறகும் கொஞ்சம் காத்திருங்கள். நேற்றும் என் வீட்டுக்காரர் ஜெபத்தின் நடுவில் நின்றார். நான் காத்திருந்தேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இருவரும் சேர்ந்து ஆமென் சொன்னோம்.