மைத்துனர்கள் இருவர், பழைய கார்கள் இரண்டு

டெனிஸ் கிராப்ட்ரீ ஓய்வு பெறும்வரை எங்கள் ஊர் நகராட்சி நீச்சல்குளத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். இங்கிலாந்தில், யார்க்ஷயரின் இந்த மூலையில் நீந்தத் தெரிந்த எவரும் அவரிடம் "ஓடாதே!" என்று திட்டு வாங்காமல் நீந்தக் கற்றதில்லை. நான் அவருடைய எதிர்வீட்டுக்காரன். அதனால் கார் விவகாரம் முழுக்க என் கண்முன்னால்தான் நடந்தது.

ஆரம்பித்து வைத்தவர் அவர் மனைவி மேவிஸின் அண்ணன் ஹெர்பர்ட். கம்பளக் கடை வைத்திருப்பவர். மழையிலும் பளபளக்கும் பழுப்பு ஷூ போடுகிறவர். ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டில், தான் ஒரு பழைய ஆஸ்டின் கார் வாங்கியிருப்பதாகவும், புதுப்பிக்க லீட்ஸில் ஒரு பட்டறையில் விட்டிருப்பதாகவும் அறிவித்தார்.

"நீயே செய்ய வேண்டியதுதானே?" என்றார் டெனிஸ்.

"வேலை தெரிஞ்சவன் பின்ன எதுக்கு இருக்கான்? பல்லு வலிச்சா நீயே பிடுங்கிப்பியா?"

"பிடுங்கிப்பேன்."

"பிடுங்கினியே, மறந்துட்டியா?" என்றார் மேவிஸ், உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே. "அப்புறம் ரெண்டு பல்லுக்கு டாக்டர்கிட்ட போனோம்."

அடுத்த வாரம் டெனிஸ் வீட்டு வாசலில் ஒரு பழைய மோரிஸ் மைனர் கார் வந்து இறங்கியது. பின்பாதிக்கு மரச்சட்டம் போட்ட வகை. அதுவரை ஒரு பண்ணையில் கோழிகள் அதில் குடியிருந்தன. மரச்சட்டத்தில் காளான் முளைத்திருந்தது.

"கோழியையும் சேர்த்துக் குடுத்திருந்தா முட்டையாவது மிஞ்சியிருக்கும்," என்றார் மேவிஸ்.

டெனிஸுக்கு மரவேலை நன்றாக வரும் என்பது அப்போதுதான் எங்களுக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. குளிர்காலம் முழுக்க வீட்டுக் கொட்டகையில் வைத்து இழைத்தார், பொருத்தினார், பிடிக்காமல் கழற்றினார், மறுபடி இழைத்தார். அந்தச் சட்டத்தைத் தடவிப் பார்த்தால் மூட்டு எங்கே இருக்கிறதென்று விரலுக்குத் தெரியாது.

மற்ற வேலைகள் அப்படியில்லை. சக்கர மூடிகளுக்குப் பச்சை பெயிண்ட் அடித்து, சீக்கிரம் காயட்டும் என்று சமையலறை ஓவனில் வைத்தார். ஈஸ்டர் வரை அந்த வீட்டில் கேக் தின்றாலும் பெயிண்ட் வாசனை, ஆட்டுக்கறி தின்றாலும் பெயிண்ட் வாசனை. அப்புறம் வெல்டிங். காரின் அடித்தகடு துருப்பிடித்துச் சல்லடையாகியிருந்தது. பழைய வெல்டிங் இயந்திரம் ஒன்றை வாங்கி, புதுத் தகட்டை அவரே ஒட்டினார். ஒட்டிய இடமெல்லாம் புறா எச்சமிட்டதுபோல இருந்தது. "பாக்க அழகா இருக்கணும்னு அவசியமில்ல. பலமா இருந்தா போதும்," என்று சொல்லி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். இருக்கை, தரை, டெனிஸ் மூன்றும் ஒன்றாகக் கீழே இறங்கின.

நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். கார் அசையாமல் நின்றது. டெனிஸ் மட்டும் காருக்குள் தரையில் உட்கார்ந்திருந்தார். காருடைய தரையில் இல்லை, கொட்டகையின் தரையில்.

"மேவிஸ்கிட்ட சொல்லாதே," என்றார். "ஹெர்பர்ட் காதுக்குப் போச்சுன்னா நான் ஊரை விட்டே போயிடுவேன்."

மேவிஸ் தன் தோழியைப் பார்க்க ஸ்கார்பரோ போயிருந்த நாளில், காரை இழுவண்டியில் ஏற்றிப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருந்த வின்னி சக்டனின் பட்டறைக்குக் கொண்டுபோனோம். வின்னி குனிந்து அடித்தகட்டைப் பார்த்தார்.

"யாரு ஒட்டினது இது?"

"முன்னாடி வச்சிருந்த ஆளு," என்றார் டெனிஸ்.

"கோழியா?" என்றார் வின்னி, கதவு இடுக்கிலிருந்து ஓர் இறகை உருவியபடி.

டெனிஸ் பட்டறையைச் சுற்றிப் பார்ப்பதுபோலத் திரும்பினார். மூலையில் ஒரு பழைய ஆஸ்டின் நின்றது. அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பளபளக்கும் பழுப்பு ஷூ.

"ஹெர்பர்ட்?"

கால்கள் உறைந்தன. பிறகு மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டன.

"இருக்கிறது தெரியுது, வெளிய வா!"

முகமெல்லாம் கிரீஸாக ஹெர்பர்ட் வெளியே வந்தார். லீட்ஸ் பட்டறைக்காரன் காரை அக்கக்காகக் கழற்றிவிட்டுக் கடையை மூடிவிட்டானாம். பாகங்கள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. வெளியே சொல்ல வெட்கம். வின்னி மூலையில் இடம் கொடுக்க, தானே உட்கார்ந்து பூட்ட ஆரம்பித்திருக்கிறார்.

"முதல்ல அவமானத்துக்காகத்தான் செஞ்சேன்," என்றார் ஹெர்பர்ட். "இப்ப கடைக்குப் போகவே பிடிக்கல, டெனிஸ்."

"நீ சொல்லலேன்னா நானும் சொல்லமாட்டேன்," என்றார் டெனிஸ்.

இருவரும் கைகுலுக்கினார்கள். பிறகு கைகளைத் துடைத்துக்கொண்டார்கள்.

கோடையில் ஊர்க் கண்காட்சி வந்தது. பழைய கார்களுக்கு இரண்டு பிரிவு: சொந்தக்காரரே புதுப்பித்தவை, பட்டறையில் புதுப்பித்தவை. வேறு வழியில்லாமல் டெனிஸ் முதலாவதில் நிறுத்தினார், ஹெர்பர்ட் இரண்டாவதில். நடுவே ஒரு கயிறு மட்டும்.

நடுவர் டெனிஸின் மரச்சட்டத்தை நெடுநேரம் தடவினார். "பிரமாதம். எங்கேயும் இப்படிப் பாத்ததில்ல," என்றார். டெனிஸுக்குக் காது வரை சிவந்தது. பிறகு நடுவர் கயிற்றைத் தாண்டி ஆஸ்டினிடம் போய், கதவுப் பெயிண்டைச் சாய்ந்து பார்த்தார்.

"வழிஞ்சிருக்கே. காசு வாங்கிட்டு இப்படியா அடிக்கிறது? நானா இருந்தா அந்த ஆளைச் சும்மா விடமாட்டேன்."

ஹெர்பர்ட் பல்லைக் கடித்தார்.

"கையில நடுக்கம் இருக்கிறவன் போல," என்றார் நடுவர்.

"நடுக்கம் இல்ல! ஒரு ஈ வந்து உக்காந்துச்சு!" என்று கத்தினார் ஹெர்பர்ட். "நான் அடிச்சது! நானே அடிச்சேன்! ஒவ்வொரு அங்குலமும்!"

கண்காட்சித் திடலில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மேவிஸ் அண்ணனைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். டெனிஸ் தொப்பியைக் கழற்றினார்.

"தரை மட்டும் வின்னி போட்டது," என்றார் தாழ்ந்த குரலில்.

"அது எனக்கு எப்பவோ தெரியும்," என்றார் மேவிஸ். "ஏறி உக்காந்தேன், கீழ விழல."

நடுவர் இரண்டு கார்களின் அட்டைகளையும் எடுத்துவிட்டார். எந்தப் பிரிவிலும் சேராதாம். பரிசு யாரோ ஒரு வேன்காரருக்குப் போனது. மைத்துனர்கள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. ஆஸ்டினின் கதவருகே குந்தி, அந்த வழிசலைத் தேய்த்து எடுத்து மறுபடி அடிக்க வேண்டுமா, அப்படியே விடலாமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கூடாரத்தில் தேநீர் தீர்ந்துபோகும் என்று மேவிஸ் என்னை மட்டும் அழைத்துக்கொண்டு போனார்.