மார்ச் 31-க்குப் பிறகு ஆறு மாதம்

1. நூறு ரூபாய்ப் பத்திரம்

அருணாசலம் அண்ணாச்சி என் ஆடிட் அலுவலகத்துக்கு வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதற்குள் தம்பி பாலமுருகனின் ஷேர் சர்டிபிகேட்டுகள். தம்பி இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

தருவைகுளம் போகும் வழியில் அவர்களுக்குச் சொந்தமாக உப்பளம் உண்டு. அப்பா காலத்தில் பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆக்கியது. மொத்தம் பத்தாயிரம் ஷேர். அண்ணன் தம்பி இரண்டே பேர். அண்ணாச்சிக்கு ஏழாயிரம், தம்பிக்கு மூவாயிரம். அண்ணாச்சி டவுனில் ஆபீஸைப் பார்ப்பார். தம்பி அளத்தில் வெயிலைப் பார்ப்பார்.

"சார், தம்பி ஷேரை நானே வாங்கிக்கிடுதேன். பத்திரத்துல நூறு ரூபான்னு போட்டிருக்கு. மூவாயிரத்தை நூறால பெருக்குனா மூணு லட்சம். ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்திருங்க."

முகமதிப்பு வேறு, நியாய மதிப்பு வேறு என்று விளக்கினேன். கம்பெனியின் விதித் தொகுப்பான ஆர்ட்டிகிள்ஸில், ஒரு பங்குதாரர் இறந்தால் வாரிசு ஷேரை விற்பதானால் மற்ற பங்குதாரருக்குத்தான் விற்க வேண்டும் என்றும், இறந்த நாளைய நியாய மதிப்பை ஒரு வேல்யுவர் குறிக்க வேண்டும் என்றும் அவருடைய அப்பாவே எழுதி வைத்திருந்தார். அப்பா எழுதியதை அண்ணாச்சி அதுவரை படித்ததில்லை. எங்கள் ஊர்க் கம்பெனிகளில் ஆர்ட்டிகிள்ஸ் என்பது பீரோவில் இருக்க வேண்டிய பொருள். படிக்க வேண்டியது அன்று.

"சரி, நீங்களே குறிங்க. ரெண்டு பேருக்கும் பொதுவான ஆளு" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பத்திரத்தில் நூறு என்று அச்சடித்திருந்தால் அது நூறு ரூபாய்தான் என்று மனதார நம்பியவர்.

தம்பி மனைவி ஜெயந்திக்கு அந்த ஷேரை விட்டால் வேறு போக்கில்லை. வாடகை வீடு, ஒரு பழைய ஸ்கூட்டர், கல்லூரியில் இரண்டு மகள்கள். மகள்கள் இருவரும் தங்கள் பாகத்தை அம்மா பெயருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். என் அறிக்கையில் வரும் ஒரு எண்ணை நம்பித்தான் அந்த மூன்று பேரும் இருந்தார்கள்.

2. வரைவு அறிக்கை

நான் முறைப்படி செய்தேன். கடைசியாக ஆடிட் ஆன பாலன்ஸ் ஷீட், அதாவது மார்ச் 31, எடுத்துக்கொண்டேன். சொத்திலிருந்து கடனைக் கழித்து ஷேர் எண்ணிக்கையால் வகுக்கும் நெட் அசெட் முறை. நிலம் கணக்கில் அவர்கள் அப்பா வாங்கிய விலையிலேயே கிடந்தது. அதை இன்றைய விலைக்கு மாற்றினேன். ஒரு ஷேர் 4,200 ரூபாய் வந்தது. பாதிக்கும் குறைவான சிறுபான்மைப் பங்குக்கு விலை குறைக்கலாமே என்று அண்ணாச்சியின் கணக்கர் போன் செய்தார். ஆர்ட்டிகிள்ஸில் அப்படி இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். என் நேர்மையில் எனக்கே ஒரு திருப்தி.

இருவரையும் கூப்பிட்டு வரைவைப் படித்தேன். அண்ணாச்சி 4,200 என்பதைக் கேட்டதும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஜெயந்தி பேப்பரை வாங்கி, முதல் பக்கத்திலேயே நின்றார்.

"சார், இது எந்தத் தேதிக்குப் போட்ட விலை?"

"மார்ச் 31-க்கும்மா. அதுதான் ஆடிட் ஆன கணக்கு."

"அவிய தவறுனது செப்டம்பர் கடைசிலலா சார்."

"இடையில் கணக்கு முடிப்பதில்லை. மார்ச்சுக்குப் பிறகு பெரிய மாற்றம் எதுவும் இல்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது."

அவர் சத்தம் போடவில்லை.

"மார்ச்சுல அளத்துல என்ன சார் கெடக்கும்? பழைய உப்பு வித்து முடிஞ்சிரும். புது உப்பு அப்பந்தான் வார ஆரம்பிப்பாவ. சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி, அவ்வளவு வெயிலுக்கும் அவிய அங்கனதான் கெடந்தாவ. அம்பாரம் சேத்து, மழைக்கு முன்ன தார்பாய் போட்டு மூடிட்டு வந்த மறுநாளு நெஞ்சு வலின்னாவ. அந்த ஆறு மாசம் இதுல எங்க இருக்கு?"

அம்பாரம் என்றால் அளத்து மேட்டில் குவித்து வைக்கும் உப்பு. உப்பு ஊரில் பிறந்து, உப்புக் காற்றில் துருப்பிடித்த ஜன்னலுக்குள் உட்கார்ந்து முப்பத்தெட்டு வருடம் ஆடிட் செய்த எனக்கு அது தெரியும். மார்ச் 31 அன்று எங்கள் பக்கத்து அளங்களில் அம்பாரம் மிகத் தணிந்து நிற்கும் என்பதும் தெரியும். ஆனால் மதிப்பீட்டு அறிக்கைக்கான ஃபார்ம் கேட்டது ஆடிட் ஆன பாலன்ஸ் ஷீட். நான் ஃபார்முக்குப் பதில் சொன்னேன். "மாற்றம் இல்லை" என்ற அந்த ஒரு வரியைக் கேள்வி கேட்காமல் கோப்பில் செருகியது என் தவறு.

"ஒரு வாரம் டைம் கொடுங்கம்மா" என்றேன்.

3. ஒரே அம்பாரம், இரண்டு அளவு

அண்ணாச்சியிடம் செப்டம்பர் மாத ஸ்டாக் கேட்டேன்.

"கோடை மழையில கரைஞ்சது போக என்னத்த சார் இருந்துச்சு? ரெண்டாயிரம் டன் இருந்தா பெரிசு."

அவரிடம் மேலே எதுவும் கேட்கவில்லை. பேங்க்கில் கேஷ் கிரெடிட் வைத்திருக்கும் கம்பெனி மாதா மாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்க வேண்டும். இருப்பைப் பொறுத்துத்தான் பேங்க் பணம் எடுக்க விடும். கம்பெனி ஃபைலில் செப்டம்பர் நகல் இருந்தது. ஆறாயிரம் டன். கீழே அண்ணாச்சியின் கையெழுத்து, சீலோடு.

நகலை மேஜை மேல் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது பேங்க்குக்கு சார். கொஞ்சம் கூட்டித்தான் போடுவோம்."

"அண்ணாச்சி, பேங்க்குக்கு ஆறாயிரம், தம்பி பெண்டாட்டிக்கு ரெண்டாயிரம். யாருகிட்ட நெசத்தைச் சொல்லுதீங்கன்னு முடிவு பண்ணிருங்க. எனக்கு ஒரு நம்பர் போதும்."

நான் அளத்துக்கு ஆள் அனுப்பிக் கூலி வவுச்சர்களை எடுத்து வரச் செய்தேன். உப்பு சுமந்து அம்பாரம் சேர்த்த கூலி அங்கே டன் கணக்கில் கொடுக்கப்பட்டிருந்தது. கூலியில் யாரும் கூட்டியும் எழுத மாட்டார்கள், குறைத்தும் எழுத முடியாது. சுமந்தவர்கள் எதிரே நிற்பார்கள். வவுச்சர் ஒவ்வொன்றிலும் கையெழுத்து பாலமுருகனுடையது. கடைசி வவுச்சர் தார்பாய் கட்டிய கூலிக்கு. அவர் இறப்பதற்கு முந்தின நாள் தேதி.

கூட்டினால் நாலாயிரத்து எண்ணூறு டன். பருவத்தில் விற்றதையும் கோடை மழைச் சேதத்தையும் கழித்து, மிச்ச உப்பை அன்றைய விலைக்குக் கணக்கில் சேர்த்தேன். அந்த ஆறு மாதத்தில் கூடியிருந்த பேங்க் கடனையும் கழித்தேன். அதை விட்டால் அண்ணாச்சிக்கு அநியாயம். ஒரு ஷேர் 4,850 ரூபாய் வந்தது.

வவுச்சர் கட்டு அண்ணாச்சியின் முன்னால் இருந்தது. ஒவ்வொன்றாகத் திருப்பினார். கடைசி வவுச்சரின் தேதி மேல் விரலை வைத்தார்.

"அன்னைக்கி ஒரு லோடு தார்பாய் பத்தலன்னு போன் பண்ணினான். நாளைக்குப் பாத்துக்கிடலாம்லேன்னேன். அவனே டவுனுக்கு வந்து தூக்கிட்டுப் போயிருக்கான்."

பிறகு பேனா கேட்டார். "போடுங்க சார். நாலாயிரத்து எண்ணூத்தி அம்பது."

4. விற்காத நூறு

கையெழுத்துப் போடும் நாளில் ஜெயந்தி, 2,900 ஷேர்தான் விற்கிறேன் என்றார். அண்ணாச்சி இரண்டு பருவத்தில் பணத்தைத் தருவதாக ஏற்பாடு.

"மிச்சம் நூறு எதுக்குளா? அதுக்கும் சேத்துத்தான தாரேன்" என்றார் அண்ணாச்சி.

"ஷேர் இருந்தாத்தான வருசாவருசம் கம்பெனி கூட்டத்துக்கு நோட்டீஸ் வரும் அத்தான். நீங்க மார்ச் கணக்கைக் காட்டிட்டு எந்திரிச்சிட்டா, செப்டம்பரைப் பத்திக் கேக்க ஒரு ஆளு வேணும்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் ஃபைலைப் பார்த்தேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "தம்பியே தேவலை போலிருக்கே சார்" என்றார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். இறந்தவரின் ஷேரை மதிக்க உட்காரும்போது, அவர் கடைசியாக என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தார், அது எந்தப் பருவம் என்று முதலில் கேளுங்கள். பாலன்ஸ் ஷீட்டை அப்புறம் திறக்கலாம். அது எங்கும் ஓடிவிடாது.

என் முதல் வரைவை நான் கிழிக்கவில்லை. இப்போதும் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நேற்றுகூட எடுத்துச் சரிபார்த்தேன். கூட்டலிலும் வகுத்தலிலும் ஒரு பைசா பிசகில்லை. மதிப்புத் தேதி மார்ச் 31 என்று போட்டு, பாலமுருகன் மார்ச் மாதமே இறந்துவிட்டார் என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.