புரியவில்லை என்று சொன்னவன்

சுரண்டையில் மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொண்ட பிறகு, சீசன் மாதங்களில் குற்றாலம் போய் எண்ணெய் தேய்த்துவிடும் வேலையில் ஒட்டிக்கொண்டேன். குளிக்க வருகிறவர்கள் பாறையில் துண்டை விரித்துக் குப்புறப் படுப்பார்கள். எனக்குக் கடை வாசலில் தூக்கம். சாரல் திரும்பி அடித்தால் அதுவும் கிடையாது.

அங்கேதான் அந்தக் கணிதப் பேராசிரியர் பழக்கமானார். தென்காசிக்காரர், மதராஸில் ஒரு கல்லூரியில் வேலை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் கணக்கு எழுதுகிறவர். "நான் எழுதுதத வாசிக்கவன் உலகம் பூரா ஒரு பஸ்ஸுல அடங்கிருவான் வே" என்று சிரித்தார். "பஸ்ஸுக்கு வெளிய நிக்கவனுக்கு ஒரு புஸ்தகம் எழுதுதேன், தமிழ்ல. ஒமக்கு எழுத்துக்கூட்டத் தெரியும்லா?"

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வேலை முடிந்ததும் அவர் தங்கியிருந்த லாட்ஜில் உட்கார்ந்து, அவர் எழுதியதை உரக்க வாசிப்பேன். நான் தடுக்கிய இடத்தில் கோடு போடுவார். மறுநாள் அதை வேறு மாதிரி எழுதி வைத்திருப்பார். "புரியாததப் புரிஞ்சுதுன்னு மட்டும் சொல்லிராதயும். அதான் நீரு எனக்குச் செய்யுத உதவி."

ஆளும் மிஞ்சாமல் துண்டும் மிஞ்சாமல் ஆளுக்கொரு துண்டு அமைந்தால், எண்ணாமலே இரண்டும் சமம் என்று எழுதிப் படமும் போட்டிருந்தார். அது சட்டென்று புரிந்தது. எல்லா எண்களும் இரட்டை எண்களும் சமம் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். "பாதிதான சார் இருக்கும்?" அவர் மாற்றி மாற்றி எழுதினார். ஒருநாள் யாரோ ஒருவர் முதுகைத் தேய்க்கும்போது விளங்கியது. ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் இரட்டிப்புதான் துண்டு. ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு நான்கு. எது மிஞ்சும்? எண்ணெய்க் கையோடு லாட்ஜுக்கு ஓடினேன். கட்டிப்பிடித்துக்கொண்டார், அவர் சட்டை பாழானது.

எனக்கும் வாசிக்க ஒரு புத்தகம் வரும் என்று காத்திருந்தேன். அடுத்த சீசனில் லாட்ஜ் மேனேஜர் கூப்பிட்டார். பேராசிரியர் அவருக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தார். "ஏலே, ஒன்னயப் பத்தி எழுதிருக்காருலே!"

வாங்கிப் புரட்டினேன். முழுக்க இங்கிலீஷ். துண்டுப் படம் மட்டும்தான் அடையாளம் தெரிந்தது.

மேனேஜர் முன்னுரையைத் தமிழில் சொன்னார். "முதல்ல தமிழ்லதான் எழுதிப் பாத்தாராம். குத்தாலத்துல எண்ணெ தேய்க்குத ஒருத்தன்ட்ட வாசிக்கக் குடுத்தாராம். அவன் பக்கத்துக்குப் பக்கம் புரியலன்னானாம். இதெல்லாம் தமிழ்ல ஆகாதுன்னு விட்டுட்டாராம்." முடிப்பதற்குள் அவர் குரல் இறங்கிவிட்டது.

ஆடியில் பேராசிரியர் வந்தார். எப்போதும்போல் எண்ணெய் தேய்க்க என்னிடம்தான் படுத்தார். தேய்த்துக்கொண்டே கேட்டேன். "புரியலன்னு சொன்னத எழுதிட்டிய. புரிஞ்சுதுன்னு ஓடி வந்தத எங்கன சார் எழுதிருக்கிய?"

அவர் முகத்தைத் திருப்பவில்லை. "தமிழ்ல அச்சுப் போட ஆள் கிடைக்கல வே. முன்னுரையில ஒரு காரணம் சொல்லணும்லா. ஒம்ம பேர எழுதலையே." மறு கையை நீட்டிக்கொண்டு, "புதுசா ஒண்ணு எழுதுதேன். சாயங்காலம் வாரும்" என்றார்.

"வேண்டாம் சார். எனக்குப் புரிஞ்சு தொலைஞ்சுட்டுன்னா ஒங்களுக்குல்லா கஷ்டம்."

காலுக்கும் தேய்த்துவிட்டு அவரை அருவிக்கு அனுப்பினேன். அன்றே செங்கோட்டை போய், மலை தாண்டிக் கேரளா போகிற லாரி ஒன்றில் ஏறிக்கொண்டேன்.