ஆசா ராஜாவின் கால் நோயும் என் வீட்டுக்காரரின் காலும்

என் வீட்டுக்காரருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சபையில் சொல்லும் சாட்சி என்றால் கடைசியில் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்து வாசிப்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். கர்த்தர் என் ஜெபத்துக்குப் பதில் தந்தார். அது சத்தியம். ஆனால் அதைச் சொல்லும்போது என் வாய் இன்னும் கசக்கிறது.

எங்களுக்குப் பாம்பன் பக்கம் ஒரு கடற்கரை ஊர். அவர் பெயர் சூசை. நாட்டுப்படகில் மீனுக்குப் போவார். நான் தீவுகளைச் சுற்றிக் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுப்பவள். அவருக்கு ஆறு வருஷமாகச் சுகர். மாத்திரை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார்.

பிறகு ஒரு சின்ன ஜெபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தோம். ஓலைக்கொட்டகையில் முப்பது பேர் கூடுவோம். அங்கே இருந்த பாஸ்டரய்யா நன்றாக ஜெபிப்பார், யாரிடமும் காசு கேட்க மாட்டார். ஆனால் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பப் போதிப்பார். விசுவாசி மருந்தைத் தொடக்கூடாது. ஆசா என்ற ராஜாவுக்குக் காலில் நோய் வந்தது, அவன் கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களைத் தேடினான், செத்துப்போனான் என்பார். "வேதத்துல போட்டிருக்கு" என்று முடிப்பார். அதற்கு மேல் நாங்கள் யார் பேச?

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்று, மாத்திரைகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று சாட்சி சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

போன மீன்பிடித் தடைக்காலத்துக்கு ஒரு மாதம் முந்தி, கரையில் படகைத் தள்ளும்போது சிப்பி கிழித்து அவர் பெருவிரலில் காயம் பட்டது. சின்னக் காயம். கடல்தண்ணீரில் கழுவிவிட்டு மறுநாளும் தொழிலுக்குப் போனார். ஒரு வாரத்தில் விரல் கறுத்தது. பிறகு பாதம் வீங்கியது. வீட்டுக்குள் நாற்றம் வந்தது. மீன் வாடையிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். என்னாலேயே தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கெஞ்சினேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஆசாவுக்கும் கால்தான்" என்றார். பாஸ்டரய்யா வந்து எண்ணெய் பூசி ஜெபித்தார். சபையார் வந்து பாடினார்கள். அவருக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது.

பதினெட்டாம் நாள் அவர் என்னை அடையாளம் தெரியாமல் தன் அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மத்தியானம். நான் வீட்டுக்குப் பின்னால் போய், காயப்போட்டிருந்த பாசிக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு நான் செய்தது மரியாதையான ஜெபம் இல்லை. "இந்த மனுசனக் கொல்லணும்னுதான் உம்ம வேதத்துல எழுதி வச்சிருக்கீரா? வேற யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். நீரே சொல்லும்" என்று கேட்டேன். அவ்வளவுதான்.

அப்போதுதான் இடுப்புப் பையில் இருந்த போன் நினைவுக்கு வந்தது. அதில் வேதாகமச் செயலி இருந்தது. சபையில் ஒரு அக்கா ஏற்றித் தந்தார். தினமும் காலையில் வரும் வசனப் படத்தை மற்றவர்களுக்கு அனுப்புவேன். அதற்கு மேல் அதை நான் திறந்ததில்லை. மேலே தேடுவதற்கு ஒரு கட்டம் இருப்பது தெரியும். எட்டாம் வகுப்போடு நின்றவள், எனக்கெதற்கு என்று விட்டிருந்தேன்.

பாறையில் பாசி பிடுங்கிப் பிடுங்கி என் விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கும். என் விரல் பட்டால் போன் வேலை செய்யாது. சேலையில் துடைத்துத் துடைத்து 'டாக்டர்' என்று அடித்தேன். ஒன்றும் இல்லை என்று வந்தது. 'மருத்துவர்' என்று அடித்தேன். அதற்கும் இல்லை. கால் என்பதைப் புள்ளி வைக்காமல் அடித்துவிட்டேன் போல. காலை, காலம், காலேப் என்று வந்து குவிந்தது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. நம் பழைய மொழிபெயர்ப்பில் வேறு வார்த்தை இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் 'வியாதி' என்று அடித்தேன். வசனங்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றாகப் படித்தேன்.

ஆசா வந்தான். பாஸ்டரய்யா சொன்னது அப்படியே இருந்தது. வைத்தியர் என்பதற்குப் பரிகாரி என்று போட்டிருந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனாலும் விரலை வைத்து அந்த அதிகாரத்தை முதலிலிருந்து திறந்தேன். ஆசா ஆலயத்துப் பொன்னையும் வெள்ளியையும் எடுத்து வேறொரு ராஜாவுக்கு அனுப்பி உதவி கேட்டவன். அது தப்பு என்று சொல்ல வந்த தீர்க்கதரிசியைச் சிறையில் போட்டவன். ஜனங்களை ஒடுக்கினவன். காலில் நோய் வந்தபோதும் கர்த்தர் பக்கம் திரும்பாதவன். பரிகாரியிடம் போனவர்கள் பாவிகள் என்று அங்கே எங்கேயும் இல்லை. இத்தனை வருஷத்தில் மேலே உள்ள இந்த வரிகளை யாரும் எங்களுக்கு வாசித்துக் காட்டியதில்லை.

திரும்பவும் அந்த வசன வரிசைக்கு வந்து இன்னும் கீழே போனேன். எசேக்கியா ராஜா வந்தான். அவனும் சாகக் கிடக்கிறான். அவனும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அழுது ஜெபிக்கிறான். கர்த்தர் கேட்டு, ஆயுசில் பதினைந்து வருஷம் கூட்டித் தருகிறேன் என்கிறார். அந்த அதிகாரத்தின் கடைசியில், அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து கட்டியின்மேல் பற்றுப் போடச் சொல்கிறான் ஏசாயா தீர்க்கதரிசி. அப்போது பிழைப்பார் என்று.

பிழைப்பாய் என்று கர்த்தரே சொன்ன பிறகும் மருந்துப் பற்றுப் போடச் சொல்லியிருக்கிறது. அதை நான் நாலு தடவை வாசித்தேன்.

உள்ளே ஓடினேன். ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்துத் துடைத்து நினைவுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு அதிகாரத்தையும் சத்தமாக வாசித்தேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"அத்திப்பழம்னு போட்டிருக்கா?"

"ஆமாங்க. போட்டிருக்கு."

"சாமிகிட்ட கேட்டபெறகுமா?"

"கேட்டபெறகுதான்."

கண்ணை மூடிக்கொண்டார். "அப்ப வா, போவோம்" என்றார்.

ஆட்டோ பிடித்துப் பாலம் தாண்டி ராமநாதபுரம் போனோம். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். காலைப் பார்த்த டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார். "முதல் வாரத்துலயே வந்திருந்தா ஒரு விரலோட போயிருக்கும்மா. படிக்கத் தெரியாதா உனக்கு?" என்றார். மறுநாள் அவர் காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் ஆளே இருந்திருக்க மாட்டார் என்றார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் கூட்டத்துக்குப் போனேன். சாட்சி நேரத்தில் எழுந்து, ஆசாவைப் பற்றிய அந்த அதிகாரத்தை முழுசாக வாசியுங்கள் என்று பாஸ்டரய்யாவைக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"போன்ல தேடுனா வசனம் கெடைக்கும்மா. வெளிச்சம் கெடைக்காது" என்றார்.

"வெளிச்சம் வேண்டாங்கய்யா. முழுசா வாசிங்க, அது போதும்."

அவர் பாட்டைத் தொடங்கிவிட்டார். எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். நான் வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு கரையில் பார்த்தாலும் அவர்கள் என்னோடு பேசுவதில்லை.

பாஸ்டரய்யாவைப் பல நாள் வெறுத்தேன். பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. அவர் மனைவி மார்பில் கட்டி வந்து, வைத்தியம் பார்க்காமலே இறந்துபோனவர். அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்தால் அந்த மனுஷனுக்கு என்ன மிஞ்சும்? இன்னும் என்னால் அவரை மன்னிக்க முடியவில்லை. மன்னிக்கும் மனதைத் தாரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த ஜெபத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை.

என் வீட்டுக்காரர் இப்போது கடலுக்குப் போவதில்லை. ஊசி போட்டுக்கொள்கிறார், மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போகிறார், சமைக்கிறார். ஒரே ஒரு தடவை கேட்டார். "ஏம்புள்ள, அதையே முந்தி தேடிப் பாத்திருக்கலாம்ல?" பதினெட்டு நாளும் போன் என் இடுப்பில்தான் இருந்தது.

ஆனாலும் நன்றி சொல்கிறேன். அவர் உயிரோடு இருக்கிறார். சாயங்காலம் இருவரும் ஒரு அதிகாரத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கிறோம், பாதியில் நிறுத்துவதில்லை. பாசி எடுக்க வரும் பெண்கள், இந்த வார்த்தை எங்கே வருகிறது பார் அக்கா என்று கேட்கிறார்கள். தேடித் தருகிறேன். கோபமாகக் கேட்ட எனக்கும் ஆண்டவர் பதில் சொன்னார். உங்களுக்கும் சொல்வார், பயப்படாமல் கேளுங்கள். யாராவது ஒரு வசனத்தைச் சொல்லி உங்களைக் கட்டிப்போட்டால், அதற்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று நீங்களே திறந்து பாருங்கள். ஆனால் வீட்டில் நோயாளி இருந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். வசனத்தைப் பஸ்ஸில் போகும்போது தேடிக்கொள்ளலாம்.