படப் புத்தகத்தில் ஏறிய மறதிக்கார அப்பா

அன்றைக்கு நான் மோட்டாரை நிறுத்த மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் ஓடவிட்டேன்.

இதை என் மனைவியிடம் சொன்னதில்லை, மகளிடமும் சொன்னதில்லை. முன்பின் தெரியாத உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் என் வீட்டுப் படியேறப் போவதில்லை என்ற தைரியம்தான். பாருங்கள், குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதுகூட எனக்கு ஒரு தந்திரம் தேவைப்படுகிறது!

நான் நில அளவையர். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அண்ணன் காட்டும் எல்லைக்கல்லைத் தம்பி நகர்த்தியிருப்பான். தம்பி காட்டுவதை அண்ணன் நகர்த்தியிருப்பான். இருபது வருடங்களாக யார் வாயையும் நம்பாமல் வரைபடத்தை மட்டும் நம்பிப் பழகியவன் நான். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் அளக்கப் போனால் நாற்காலி போட்டு இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். "சார் சொல்லிட்டாரு" என்றால் அங்கே பேச்சு முடிந்தது.

வீட்டில் அந்தக் கதை செல்லாது. ஆணி அடித்தால் சுவர் பெயர்ந்து வரும். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அவளுடைய பையோடு வீடு திரும்பியிருக்கிறேன். மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்து நூல் சுற்றிப் போட்டிருந்தேன். மாற்ற வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். "அப்பா மறந்துட்டாரு" என்பதை என் மகள் யாழினி வாரத்துக்கு நாலு முறையாவது சொல்வாள். அதில் இருந்தது செல்லம். எனக்கோ அது கேலியாகவே காதில் விழுந்தது.

செங்கம் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி எங்கள் வீடு. ஆசிரமங்களுக்கு வரும் வெளிநாட்டவர்களுக்கு மாடி அறையை வாடகைக்கு விடுவது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் பழக்கம். எங்கள் மாடிக்குக் குளிர்காலம்தோறும் வந்தவர் மார்த்தா. அறுபதைத் தாண்டிய தனி மனுஷி. குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் படப் புத்தகங்கள் வரைவது அவருடைய பிழைப்பு. எங்கள் ஊர் வெயிலில் தொப்பி போட்டு உட்கார்ந்துகொண்டு பனி வரைவார்.

யாழினிக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி விட்டதும் மாடிக்கு ஓடிவிடுவாள். மார்த்தா தன் பழைய புத்தகம் ஒன்றை அவளுக்குக் கொடுத்திருந்தார். அதில் ஒரு அப்பா. கிறிஸ்துமஸ் மரத்தைக் காரின் மேல் கட்டப் போய்த் தன்னையும் சேர்த்துக் கட்டிக்கொள்கிறார். விளக்குச் சரம் மாட்டப் போய் அதிலேயே சுற்றிக்கொண்டு உருள்கிறார். கேக்கின்மேல் உட்கார்ந்துவிடுகிறார். கடைசியில் அம்மாவும் பிள்ளைகளும் நாயும் சேர்ந்து எல்லாவற்றையும் சரிசெய்கிறார்கள். ஆம், நாயும்தான்! யாழினி பாயில் உருண்டு உருண்டு சிரித்தாள்.

நான் மாடிக்குப் போய் அவருடைய மற்ற புத்தகங்களையும் வாங்கிப் புரட்டினேன். எல்லாவற்றிலும் ஏணியிலிருந்து விழும் ஓர் அப்பா, சுத்தியலால் கட்டைவிரலை நசுக்கிக்கொள்ளும் ஓர் அப்பா. அந்த நாட்டு அப்பாக்கள் அப்படி என்னதான் பாவம் செய்தார்கள்?

"எல்லாத்துலயும் அப்பா ஏன் முட்டாளாவே இருக்காரு?" என்று கேட்டேன்.

"முட்டாள் இல்ல சார்," என்றார் மார்த்தா. பல குளிர்காலங்கள் இங்கே கழித்ததில் ஓரளவு தமிழ் வந்திருந்தது அவருக்கு. "அவர் ட்ரை பண்றார். விழறார். திரும்ப ட்ரை பண்றார். குழந்தைக்கு அந்த அப்பா ரொம்பப் பிடிக்கும்."

நான் நம்பவில்லை. நம்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்த வருடம் அவர் புதிய புத்தகம் ஒன்று வரைந்துகொண்டிருந்தார். மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். நான் படியேறினால் அது நின்றுவிடும். மேசைமேல் இருக்கும் தாளை மார்த்தா மெதுவாகத் திருப்பி வைப்பார். நான் முற்றத்தில் சைக்கிளோடு மல்லுக்கட்டினால் மாடி ஜன்னலில் இரண்டு தலைகள் தெரியும். ஒருநாள் யாழினி சாப்பிட்டுக்கொண்டே, "அப்பா, ஏணில ஏறும்போது நீ எந்தக் காலை முதல்ல வைப்ப?" என்று கேட்டாள்.

"ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

சும்மா கேட்கிற கேள்வியா அது? உங்கள் மகள் கேட்டிருந்தால் நீங்கள் என்ன நினைத்திருப்பீர்கள்? நான் அன்று மீதிச் சோற்றைச் சாப்பிடவில்லை.

மறுநாள் மார்த்தா தியானத்துக்குப் போன பிறகு, என்னிடம் இருந்த மாற்றுச் சாவியால் அவருடைய அறையைத் திறந்தேன். இது இரண்டாவது குற்றம்... இல்லை, வரிசைப்படி இதுதான் முதலாவது. மேசைமேல் படங்கள் காய்ந்துகொண்டிருந்தன. தொந்தி, பெரிய மீசை, ஏணியின் உச்சியில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு நட்சத்திரம் கட்டும் அப்பா. மூக்குக் கண்ணாடியின் காலில் நூல் சுற்றியிருந்தது.

நூல்! இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? உலகத்துக் குழந்தைகள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கப் போகிறார்கள். என் மகள் அதற்கு உடந்தை. காது சூடேறியது. கோபமாக இருந்தது... அதைவிட அதிகமாக அழுகை வந்தது. அழத் தெரியாதவன் வேறு என்ன செய்வான்? சுற்றிலும் பார்த்தேன். மேசைக்கு நேர் மேலே சுவரில் வென்டிலேட்டர் இருந்தது.

இனி சொல்வதைக் கவனியுங்கள். மேல்தொட்டி அந்த அறையின் கூரைமேல் இருக்கிறது. நிரம்பி வழியும் நீரை வெளியே விடும் குழாய் உடைந்து கிடந்தது. வழிந்தால் கூரையில்தான் ஓடும். கூரையின் சரிவு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். வீடு கட்டும்போது மட்டம் பார்த்தவனே நான்தான். தண்ணீர் பின்சுவரில் இறங்கி அந்த வென்டிலேட்டர் வழியாக உள்ளே வரும் என்பது எனக்கு ஓர் அங்குலம் பிசகாமல் தெரியும்.

இரண்டு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மார்த்தா மலை சுற்றப் போயிருந்தார். என் மனைவி செல்வி யாழினியோடு காய்கறி வாங்கப் போயிருந்தாள். போகும்போது, "மோட்டார் ஓடுது, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பார்த்துக்கொண்டேன். சுவிட்சுக்கு ஓர் அடி தூரத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தொட்டி நிரம்பும் சத்தம் கேட்டது. வழியும் சத்தம் கேட்டது. பின்சுவரில் நீர் இறங்கும் சத்தமும் கேட்டது. கையை நீட்டினால் போதும்... நீட்டவில்லை. வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் சுவிட்சைத் தட்டினேன்.

செல்வி மாடி அறையைத் திறந்தபோது, படங்கள் எல்லாம் நிறங்களாகக் கரைந்து தரையில் ஓடிக்கொண்டிருந்தன.

"அந்தப் பைப்ப மாத்துங்க மாத்துங்கனு எத்தினி வாட்டி சொன்னேன். மோட்டார நிறுத்தற வேலை கூடவா உங்களால ஆவாது?" என்று செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். சற்று நேரத்தில் மார்த்தா வந்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவர் ஏதாவது கேட்பதற்குமுன் யாழினி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, அப்பாவைத் திட்டாதீங்க. அவரு வேணும்னு பண்ணல. மறந்துட்டாரு. அவருக்கு எல்லாமே மறந்துடும்."

அழுதுகொண்டே சொன்னாள். எனக்காக அழுதாள்! நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கப்படுவதாக எல்லோரும் நினைத்தார்கள்.

மார்த்தா ஈர மேசையிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்தார். அதைப் பார்த்துத்தான் அவர் வரைந்துகொண்டிருந்தாராம். நான் அறைக்குள் திருட்டுத்தனமாக நின்றபோது அது படங்களுக்கு அடியில் இருந்திருக்க வேண்டும். மேல்பூச்சு ஊறி உரிந்து, முகத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியில் ஒரு பெரிய மீசை. கண்ணாடிக் காலில் சுற்றிய நூல்.

"எங்க அப்பா," என்றார். "ஒவ்வொரு கிறிஸ்துமஸ்லயும் ஏதாவது உடைப்பார். இந்த ஒரு போட்டோதான் இருந்தது." பிறகு என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "பரவாயில்ல சார். அவர் இருந்தா அவரும் மோட்டாரை மறந்திருப்பார். உங்களைப் பாத்தா எனக்கு எப்பவும் அவர் ஞாபகம்தான். அதனாலதான் பாப்பாவ அந்த ஏணி கேள்வி கேக்கச் சொன்னேன். அப்பா எந்தக் காலை வைப்பார்னு எனக்கு ஞாபகம் இல்ல."

அப்போது சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிடம் எனக்காகத் திறந்தே இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஸாரிங்க, மறந்துட்டேன்" என்றேன்.

என்னை மன்னித்துவிட்டார்கள். நான் செய்யாத தவறுக்கு எனக்குக் கிடைத்த மன்னிப்பு அது. செய்த தவறு அப்படியே கிடக்கிறது.

மறு வருடம் டிசம்பரில் புத்தகம் தபாலில் வந்தது. மார்த்தா வரவில்லை, முழங்கால் படியேற விடவில்லை என்று எழுதியிருந்தார். படங்களை மறுபடி வரைந்திருந்தார். அப்பாவின் முகம் மட்டும் முன்புபோல் அமையவில்லை, பார்த்து வரைய எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார். புதிதாக ஒரு பக்கம் சேர்த்திருந்தார். அதில் அந்த அப்பா மோட்டாரை மறந்துவிடுகிறார்; வீடெல்லாம் வெள்ளம்; பிள்ளைகள் பாத்திரத்தில் ஏறிப் படகு விடுகிறார்கள். முதல் பக்கத்தில், எறும்பு ஊர்ந்ததுபோன்ற தமிழ் எழுத்தில், "யாழினியின் அப்பாவுக்கு" என்று எழுதியிருந்தார்.

யாழினி அதைப் பள்ளிக்குக் கொண்டுபோய் வகுப்பு முழுக்கக் காட்டினாள். ஒவ்வொரு டிசம்பரிலும் எடுத்து வாசிப்பாள். யாரும் இல்லாத நேரத்தில் நானும் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்ப்பேன்... பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். படத்தில் அந்த அப்பா சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்கிறார். அவருடைய கண்மணிகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன? சுவிட்சைத்தான் பார்க்கின்றனவா? மார்த்தாவுக்குத் தெரியுமோ? தெரிந்தேதான் வரைந்தாரோ? மூன்று வருடமாகப் பார்க்கிறேன், எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு நான் வேண்டுமென்றே மறக்கத் தொடங்கினேன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுவேன். சர்க்கரை வாங்கப் போய் உப்பு வாங்கி வருவேன். மறதிக்காரன் என்ற பெயர் போய்விட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமையை யாராவது யோசித்துப் பார்ப்பார்களே... அந்தப் பயம்தான்! "அப்பா மறந்துட்டாரு" என்று யாழினி சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்கு மூச்சு சீராகும்.

போன மாதம் என் புல உதவியாளர் ஏழுமலை ஏதோ கையெழுத்துக்காக வீட்டுக்கு வந்தார். யாழினி வழக்கம்போல என் மறதியைச் சொல்லிச் சிரித்தாள். ஏழுமலை சிரிக்கவில்லை.

"யாரு, நம்ம சாரா? பத்து வருசம் முன்ன அளந்த கல்லு எங்க இருக்குதுனு கேட்டாலும் நோட்டு பாக்காம சொல்வாரு பாப்பா. சாரு ஒண்ண மறந்து நான் பாத்ததே இல்ல."

யாழினிக்கு இப்போது பதின்மூன்று வயது. "நெஜமாவாப்பா?" என்றாள்.

"அது ஆபீஸ் வேலைம்மா..."

"அப்ப வீட்ல மட்டும்தான் மறப்பியா?"

நான் ஏழுமலையின் தாளில் கையெழுத்துப் போடக் குனிந்தேன். அவள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு அந்த மூன்று வார்த்தையை... இல்லை, இரண்டே வார்த்தைதான்... அவள் சொல்லி நான் கேட்கவில்லை. இந்த டிசம்பரில் அந்தப் புத்தகத்தையும் எடுக்கவில்லை.

நேற்று அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று பொங்கவிட்டேன். சத்தம் கேட்டு அவள் வந்தாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அடுப்பை அணைத்தாள். பாலைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தள்ளுப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டு, துணியை எடுத்து மேடையைத் துடைத்தாள்.